குரங்குக்கும் ஒரு வாக்கு

ரொறன்ரோவில் இருந்து வந்து நின்ற மருமகன், எங்கள் விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி சனநாயகத்தைத் திருத்தத் தொடங்கியபோது பின்னேரம் ஆறு மணி இருக்கும். விடிந்தால் உள்ளூராட்சித் தேர்தல். 2025 மே 6. மேசையில் என்னுடையதும் மனைவியுடையதுமாக இரண்டு வாக்காளர் அட்டைகள் காற்றுக்குப் பறக்காமல் பாக்குவெட்டியின் கீழ்க் கிடந்தன. அதைப் பார்த்துத்தான் பெடியனுக்கு எங்களில் இரக்கம் வந்தது.

“இன்னும் கடதாசியோ மாமா? ஒரு அப் இருந்தால் காணும். படுக்கையிலை கிடந்தே போட்டிட்டு நித்திரை கொள்ளலாம். புளொக்செயின்ல போட்டால் ஒருத்தனாலையும் மாத்தேலாது.”

நான் வாத்தியாராக இருந்த காலத்தில் பல தேர்தல்களுக்கு வாக்களிப்பு நிலையத் தலைமை அலுவலராகப் போனவன். அரக்கு உருகும் மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது. கடதாசியை யாரும் இளக்காரமாகச் சொன்னால் தகப்பனை இழுத்துப் பேசியது போலக் கோபம் வரும். ஆனாலும் பொறுமையாகக் கேட்டேன்.

“நீ கனடாவிலை வாக்குப் போடுறனியோ?”

“பின்னை? ஏப்ரல் 28 மத்திய தேர்தல். பிளேன் ஏற வேணுமெண்டு முன்கூட்டியே போய்ப் போட்டிட்டு வந்தனான்.”

“என்னத்தாலை போட்டனி?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “பென்சிலாலை.”

“எதிலை?”

“கடதாசியிலை.”

“எண்ணினது ஆர்?”

“ஆக்கள்தான் மாமா. கையாலை.”

கனடாவின் பிரதமரைத் தீர்மானிக்கப் பென்சில் போதும். வலிகாமத்தில் ஒரு பிரதேச சபைக்கு ஆள் தெரிய மட்டும் புளொக்செயின் வேண்டுமாம். சைக்கிளுக்கு விமானத்தின் எஞ்சின் பூட்டுகிற யோசனை. சைக்கிள் ஓடாது. எஞ்சின் விற்றவன் ஓடிவிடுவான்.

இலத்திரனியல் வாக்களிப்பு என்பது இந்தத் தீவில் மழைக்கு முளைக்கிற காளான். தேர்தல் வரும்போது முளைக்கும். செலவு குறையும், நேரம் மிஞ்சும், பிழையான வாக்கு விழாது என்பார்கள். 2024 சனாதிபதித் தேர்தலில் 3 இலட்சம் வாக்குகள் நிராகரிக்கப்பட்டதைச் சாட்சிக்கு இழுப்பார்கள். 27 அங்குல நீளத்தில், ஆளுயரத்தில் அரைவாசிக்குக் கிட்ட வரும் வாக்குச்சீட்டைக் கொடுத்து, விரும்பினால் புள்ளடி போடு, இல்லாவிட்டால் 1, 2, 3 போடு, இரண்டையும் கலக்காதே என்று சொன்னால் படித்தவனுக்கே தலை சுற்றும். அதைச் சனத்துக்கு விளங்கப்படுத்தாத குற்றத்தைக் கடதாசியின் தலையில் கட்டுவது நல்ல சாமர்த்தியம்.

எனக்கு வேறு ஒரு கணக்குத் தெரிய வேண்டும். யாழ்ப்பாணத்தில் இதுவரை தொலைந்த வாக்குகளில் எத்தனை, எண்ணத் தெரியாததால் தொலைந்தவை?

1981 யூன் 4, மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். மூன்று நாளைக்கு முன்தான் யாழ் பொது நூலகத்தை எரித்திருந்தார்கள். 97 ஆயிரம் புத்தகங்களின் சாம்பல் ஆறுமுன்னம் வாக்குப் பெட்டிகள் திறக்கப்பட்டன. பயிற்சி எடுத்த உள்ளூர் அலுவலர்களை நிற்பாட்டிவிட்டு வெளியில் இருந்து ஆட்களைக் கொண்டு வந்து இருத்தினார்கள். சில பெட்டிகள் எண்ணும் இடத்துக்கு வந்து சேரவேயில்லை. பெட்டிக்குக் கால் முளைத்ததா, காக்கிச் சட்டைக்குக் கை நீண்டதா என்று கேட்கலாம். மென்பொருள் பிழை என்று மட்டும் சொல்ல முடியாது.

அடுத்த வருடம் டிசம்பர் 22இல் சர்வசன வாக்கெடுப்பு. பாராளுமன்றத்தைத் தேர்தல் இல்லாமலே இன்னும் ஆறு வருடம் இழுக்கச் சம்மதமென்றால் விளக்கு, இல்லையென்றால் குடம். யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் குடத்தில் புள்ளடி போட்டார்கள். எண்ணிக்கையில் பிழையில்லை. குடம் நிறைந்தது. தெற்கில் விளக்கு வென்றது. எட்டு மாதத்தில் அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் வந்து, நாங்கள் அனுப்பிய உறுப்பினர்கள் பாராளுமன்றத்துக்கு வெளியே நின்றார்கள்.

1994 ஓகஸ்ட் 16 இன்னும் வடிவு. குடாநாடு புலிகளிடம், வாக்களிப்பு பெரும்பாலும் தீவுப்பகுதியில். மாவட்டம் முழுக்க வாக்களித்தது நூற்றுக்கு 2.34 வீதம். சுயேச்சைக் குழுவாக நின்ற ஈழ மக்கள் சனநாயகக் கட்சி (ஈ.பி.டி.பி.) 10,744 வாக்குகளை எடுத்து 9 ஆசனங்களைப் பெற்றது. ஒரு பாராளுமன்ற உறுப்பினருக்கு 1,200 வாக்குகூட இல்லை. எங்கள் ஊர்க் கோயில் நிர்வாக சபைக்கு நிற்பவன் அதைவிட அதிகம் பாடுபட வேண்டும். சட்டப்படி அதுவும் தேர்தல். முடிவு வர்த்தமானியில் வந்தது. மெசின் வைத்திருந்தால் இதே 9 ஆசனம் ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருக்கும், அவ்வளவுதான்.

மருமகன் விடவில்லை. “எஸ்தோனியாவைப் பாருங்கோ மாமா. 2005இல இருந்து இணையத்திலைதான் வாக்குப் போடுறாங்கள்.”

2005! இந்தப் பெடியனின் வாயில் அந்த வருடம்தானா வரவேண்டும்?

எஸ்தோனியா முதன்முதலாக இணையத்தில் வாக்களித்தது 2005 ஒக்டோபரில். அடுத்த மாதம் 17ஆம் திகதி இலங்கையில் சனாதிபதித் தேர்தல். நான் குடாநாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை அலுவலர். காலமை ஏழு மணிக்குப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டிப் பூட்டி முத்திரை வைத்தேன். ஒன்பது மணி, பத்து மணி, ஒருத்தரும் இல்லை. வகுப்புக் கரும்பலகையில் யாரோ எழுதிய வாய்ப்பாடு அழியாமல் இருந்தது. அதை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. ஒழுங்கையில் ஒரு நாய் போனாலும் அலுவலர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தோம். வாக்களிக்கப் போகக் கூடாது என்று ஊருக்குச் சொல்லப்பட்டிருந்தது. சொன்னது யார் என்று அன்றும் யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. போகிற ஆளைப் பார்ப்பதற்குச் சந்திக்குச் சந்தி கண் இருந்தது. மாவட்டத்தில் பதிவு 7 இலட்சத்துக்கு மேல். போட்டவர்கள் 8,524 பேர். 1.21 வீதம். தெற்கில் மகிந்த ராஜபக்ச வென்றது 1 இலட்சத்து 80 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில். அதன் பிறகு என்ன நடந்தது என்பதை எழுத நான் இங்கே வரவில்லை. முள்ளிவாய்க்காலுக்குப் போய் வந்தவர்களிடம் கேளுங்கள்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து சேர எட்டு மணியாகிவிட்டது. மனைவி புட்டும் சம்பலும் போட்டுத் தந்தாள். கையில் துணி சுற்றியிருந்தது. வெங்காயம் வெட்டும்போது வெட்டுப்பட்டுவிட்டதென்றாள். நான் ஆளில்லாப் பெட்டியின் கதையைச் சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டேன்.

எஸ்தோனியாக்காரன் வாக்கை இணையத்தில் அனுப்பிய அந்த மாரியில் எங்களுக்குக் குறைவாக இருந்தது இணையமா? அவனுக்கு அரசாங்கத்தில் பயமில்லை. சந்தியில் நிற்பவனில் பயமில்லை. அந்த இரண்டையும் எந்த அப் கடையில் இறக்கலாம்?

“சரி, இப்ப அந்தப் பயம் இல்லைத்தானே? இப்ப செய்யலாம்தானே?”

செய்யலாம். யாரிடம் கொடுத்துச் செய்ய? 2023இல் இலங்கை அரசாங்கத்தின் முகில் சேவையில் கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்தது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை வந்ததும் போனதும் ஆவியாகிவிட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதற்குள். காப்புப் பிரதி எங்கே என்று கேட்டால், அதையும் வைரஸ் தின்றுவிட்டதாம். அதற்கு இரண்டு வருடம் முந்தி, மருந்துகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரசபையின் தரவுத் தொகுதி அழிந்து போனது. சொந்தக் கடிதத்தைக் காப்பாற்றத் தெரியாதவர்கள் என் புள்ளடியைக் காப்பாற்றுவார்களாம். கோழியைப் பிடித்துக்கொண்டு போன நரியிடம் முட்டையையும் அடைகாக்கக் கொடு என்கிறான் மருமகன்.

மின்சாரத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு, பட்டப்பகல். பருத்தித்துறையில் இருந்து தேவேந்திரமுனை வரை ஒரே நேரத்தில் இருண்டது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்துவிட்டது என்றார் அமைச்சர். ஒரேயொரு குரங்கு. அதற்கு வாக்குரிமை இல்லை, அடையாள அட்டை இல்லை, கட்சி இல்லை. ஆனாலும் 2 கோடிச் சனத்தின் மின்விசிறியை நிற்பாட்டியது. வாக்களிப்பையும் அந்தக் கம்பியில் கொழுவினால் குரங்கையும் தேருநர் இடாப்பில் பதிவது நியாயம். எங்களைவிட அதன் ஒரு வாக்குக்கு வலு அதிகம்.

இதிலே யாழ்ப்பாணத்தானுக்கு ஒரு நமட்டுச் சிரிப்பும் உண்டு. 1990க்குப் பிறகு ஐந்தாறு வருடம் இங்கே மின்சாரமே இல்லை. டோர்ச் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள், வவுனியாவைத் தாண்டாது. சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட சனம் நாங்கள். கை களைத்தால் செய்தி நின்றுவிடும். எந்தக் கருவியும் தன்பாட்டில் ஓடாது, யாரோ ஒருவர் சுற்றவேண்டும் என்பதை இதைவிட எந்தப் பல்கலைக்கழகம் படிப்பிக்கும்?

மருமகனிடம் கடைசித் துரும்பு இருந்தது. “2022இல பெற்றோலுக்கு கியூஆர் கொண்டு வந்தாங்கள். வேலை செய்தது தானே?”

செய்தது. மூன்று நாள் வரிசை மூன்று மணித்தியாலமானது. யார் செய்தாலும் நல்லதை நல்லதென்று சொல்ல வேண்டும். ஆனால் கியூஆரின் வேலை என்ன? இன்ன இலக்க மோட்டார் சைக்கிள், இன்ன கிழமை, இத்தனை லீற்றர் என்று ஆளையும் அளவையும் சேர்த்து முடிவது. வங்கியும் அப்படித்தான், பிழை வந்தால் கணக்குப் புத்தகத்தைக் காட்டிச் சண்டை பிடிக்கலாம். வாக்கில் அந்த முடிச்சே இருக்கக் கூடாது. நான் போட்டேன் என்பது தெரியவேண்டும், எதற்குப் போட்டேன் என்பது தெரியவே கூடாது. எனக்கு அத்தாட்சி தந்தால் அதை இன்னொருவன் கேட்பான். எங்கள் படலையைத் தட்டி “ஆருக்குப் போட்டனி? காட்டு” என்று கேட்கக்கூடிய உடுப்புகளை நான் பல நிறத்தில் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஒருவரிடமும் காட்டுவதற்கு எங்களிடம் ஒன்றுமில்லாமல் இருந்தது. நாங்கள் உயிரோடு இருப்பதற்கு அந்த ஒன்றுமில்லாமையும் காரணம்.

படுக்கையில் கிடந்து வாக்குப் போடுவதாம்! படுக்கைக்குப் பக்கத்தில் எவன் நிற்கிறான் என்று அந்த அப்புக்குத் தெரியுமா? புருசன் நிற்கலாம். நுண்கடன் வசூலிக்க வந்தவன் திண்ணையில் இருக்கலாம். வாக்களிப்பு நிலையத்தில் அந்த மட்டைத் தடுப்புக்குப் பின்னால், வாழ்க்கையில் ஒரு நிமிசமாவது, ஒரு பெண் தனியாக நிற்கிறாள். அதையும் வசதி என்ற பேரில் பறிக்கலாம் என்கிறார்கள்.

தமிழன் இந்த விசயத்தில் பின்தங்கியவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தியாவின் வாக்கு இயந்திரத்தை வடிவமைத்த பாரத் எலக்ட்ரானிக்ஸ் குழுவில் எங்கள் எழுத்தாளர் சுஜாதா இருந்தார். தலைவர் என்று எல்லாரும் கும்பிடும் ஆள் வெறும் ஒளியில் செய்த உருவம் என்று ‘என் இனிய இயந்திரா’ எழுதியவரும் அவர்தான். மெசினைச் செய்யத் தெரிந்தவருக்கு அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிந்திருந்தது. 1982இல் கேரளத்துப் பரவூரில் அந்த இயந்திரத்தை முதன்முதல் வைத்தார்கள். 123 வாக்கு வித்தியாசம், வழக்கு. 1984இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் இப்படி ஒரு மெசின் இல்லையே என்று மறுவாக்களிப்புக்கு உத்தரவிட்டது. 2010இல் ஹரி பிரசாத் என்ற பொறியியலாளர், வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து அதை எப்படித் திருத்தி ஏமாற்றலாம் என்று செய்து காட்டினார். பூட்டுச் சரியில்லை என்றவரைத்தான் பொலிஸ் பிடித்தது. மெசின் எங்கிருந்து வந்தது என்று சொல் என்றது. பிறகு ஒவ்வொரு மெசினுக்கும் பக்கத்தில் கடதாசி துப்பும் பெட்டியொன்றை வைத்தார்கள். முப்பது வருடம் சுற்றி வந்து இறங்கிய இடம் கடதாசி.

அயர்லாந்து இதைவிடப் பகிடி. 5 கோடி யூரோவுக்கு மேல் கொடுத்து 7,500 மெசின் வாங்கியது. பாதுகாப்பில்லை என்று தெரிந்து களஞ்சியத்தில் அடுக்கி வருடக்கணக்கில் வாடகையும் கட்டியது. 2012இல் எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரனிடம் 70 ஆயிரம் யூரோ சொச்சத்துக்குத் தள்ளியது. செர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009இல் நேராகவே சொல்லிவிட்டது: தொழில்நுட்பம் படிக்காத சாதாரணக் குடிமகனும் வாக்கு எண்ணுவதைத் தன் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடியவேண்டும். யாழ் மத்திய கல்லூரியில் விடிய விடிய விழித்திருக்கும் கட்சி முகவருக்கு இது புதினமில்லை. ஒரு கட்சிக்காரனை மற்றக் கட்சிக்காரன் நம்ப மாட்டான். சொந்தக் கட்சிக்காரனையும் விருப்பு வாக்குக்காக நம்ப மாட்டான். கடதாசியின் காவல் அந்த அவநம்பிக்கைதான். மெசின் வந்தால் எல்லாரும் சேர்ந்து ஒரு கறுப்புப் பெட்டியை நம்ப வேண்டும். ஒற்றுமை, ஒற்றுமை என்று எழுபது வருடமாகக் கத்தியதற்கு அப்போதாவது ஒரு வழி பிறக்கும்.

எங்கள் சனம் தொலைபேசிக்குப் பயந்ததல்ல. 2019இல் மாநகர சபை திறன் விளக்குக் கம்பம் நட வந்தபோது 5ஜி கதிர் குடிக்கும் என்று வீதிக்கு இறங்கிய அதே சனம்தான், இன்று தலையணைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு படுக்கிறது. எங்கள் பத்திரிகையும், பட்டிமன்றமும், பிச்சைத்தட்டும் அந்தத் திரைதான். கிழிந்த கொட்டிலுக்குள் கமராவைப் பிடித்து, “அம்மா, கடைசியா எப்ப சாப்பிட்டனீங்கள்?” என்று கேட்டு, அழும்வரை காத்திருந்து, அழுத இடத்தில் இசை சேர்த்து, சூரிச்சுக்கும் ஸ்காபரோவுக்கும் விற்கிற உதவிக்காரர்கள் ஒழுங்கைக்கு ஒருவர். கொடுப்பது ஒரு அரிசி மூட்டை; எடுப்பது அந்தப் பிள்ளையின் முகம், பேர், பள்ளிக்கூடம், மானம். யுத்தம் தின்று மிச்சம் விட்டதை லைக்குக்கு விற்கிறார்கள். 2025 மார்ச்சில் இப்படிக் காணொளி எடுத்த ஒருவர் கைதாகும் வரை எங்கள் பெரிய மனிதர்களுக்கு இது தருமமாகத்தான் தெரிந்தது. அந்தக் காணொளிகளைப் பகிர்ந்தவர்களில் நானும் ஒருவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அரசியலும் அங்கேயே குடிபோயிற்று. 2024 யூலையில் சாவகச்சேரி வைத்தியசாலையின் சீர்கேட்டை ஒரு வைத்தியர் பேஸ்புக் நேரலையில் போட்டு உடைத்தார். நவம்பரில் அவருடைய சுயேச்சைக் குழு 17, 27 ஆயிரத்துக்கு மேல் வாக்கெடுத்து ஒரு ஆசனத்தைப் பிடித்தது. வருடக்கணக்காக எழுதிய முறைப்பாட்டுக் கடிதங்கள் செய்யாததை ஒரு போன் செய்தது. அதற்காகச் சனத்தைக் குறை சொல்பவன் அந்த வைத்தியசாலை வரிசையில் ஒருநாள் நிற்கட்டும். ஆனால் அன்றிலிருந்து எங்கள் தலைவர்கள் எல்லாருக்கும் நேரலை நோய் பிடித்துவிட்டது. தீர்மானம் எழுதத் தெரியாதவனுக்கும் திரையில் கத்தத் தெரிகிறது. இரவு பதினொரு மணிக்கு ஒருவன் துரோகி என்பான், பதினொன்றரைக்கு அவன் பதில் துரோகி என்பான், இதயக்குறி பறக்கும், காலமை குப்பை அள்ள உழவு இயந்திரம் வராது. அரசாங்கம் தன் பங்குக்கு 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் கொண்டு வந்தது. அழுத பிள்ளையின் முகத்தைக் காப்பதற்கு அல்ல. அழவைத்தவர்களின் பேரைக் காப்பதற்கு.

ஒன்றுக்கு மட்டும் நான் மெசினைச் சிபாரிசு செய்வேன். மாகாண சபைக்கு. வடக்கு மாகாண சபைக்கு முதலும் கடைசியுமாக வாக்குப் போட்டது 2013 செப்டம்பர் 21. 38 ஆசனத்தில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வென்றது. 2018 ஒக்டோபரில் சபையின் ஆயுள் முடிந்தது. அந்த ஓகஸ்டில்தான் அடுத்த தேர்தலுக்கு வேண்டிய எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தது: எதிராக 139, ஆதரவாக ஒன்றுமில்லை, கொண்டு வந்த அமைச்சரே எதிர்த்துப் போட்டார். பெற்ற தகப்பனே கள்ளிப்பால் கொடுத்த பிள்ளை. சபையின் ஆயுள் முடிந்ததில் இருந்து ஆளுநர் ஆள்கிறார். தேர்தல் அடுத்த வருடம் என்பது வருடா வருடம் வருகிறது. அந்தத் தேர்தலுக்கு மெசின் மிகப் பொருத்தம். ஒருநாளும் போடப்படாத மெசினை ஒருவனாலும் ஊடுருவ முடியாது. குரங்காலும் முடியாது.

விடிந்தால் நடக்கப்போகும் இந்த உள்ளூராட்சித் தேர்தலும் 2023 மார்ச்சில் நடந்திருக்க வேண்டியது. திறைசேரி காசு தரவில்லை. காசில்லாமல் வாக்குச்சீட்டு அடிக்கேலாது என்றார் அரச அச்சகர். ஏப்ரல் என்றார்கள், அதுவும் போனது. உச்ச நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் இது அடிப்படை உரிமை மீறல் என்று சொன்ன பிறகுதான் 2025இல் புள்ளடி. கடதாசிக்குக் காசில்லை என்று இரண்டு வருடம் எங்கள் வாயைக் கட்டிய அரசு மெசின் வாங்கித் தரும் என்று நம்பிக்கொண்டு மருமகன் நித்திரைக்குப் போனான். நுளம்புவலைக்குள் இருந்து நீலவெளிச்சம் கனநேரம் தெரிந்தது.

மறுநாள் காலமை நானும் மனைவியும் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்ப் போட்டுவிட்டு வந்தோம். படலைக்குள் நுழைய முன்னம் மருமகன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

“மாமி, மை பூசின விரலை ஒருக்கா காட்டுங்கோ. ஸ்டோரி போடுறன்.”

அவள் டக்கென்று விரலை மடக்கி, கையைச் சேலைத் தலைப்புக்குள் விட்டாள். அந்த வேகம் எனக்குப் புதிதாக இருந்தது.

“என்ன மாமி, இதுக்கு என்ன வெக்கம்?”

“வெக்கமில்லையடா. பழக்கம். 2005இலை இந்த மை மாறுமட்டும் விரலிலை துணி சுத்திக்கொண்டு திரிஞ்சனான்.”

மருமகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. புட்டு, சம்பல், வெங்காயம். 8,524.

“நீரே? என்னட்டைக்கூடச் சொல்லேல்லையே?”

“சொல்லுறதோ? நீங்கள் அண்டைக்கு ஆரும் வரேல்லை, ஆரும் வரேல்லையெண்டு சொல்லிச் சொல்லியெல்லோ சாப்பிட்டனீங்கள்.”

“ஆருக்குப் போட்டனீர்?”

அவள் செருப்பைக் கழற்றிப் படியோரம் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

“அது உங்களுக்கு என்னத்துக்கு?”